37 முறை முட்டியும் திறக்காத கதவு

கொழும்பில் பாடசாலை ரக்பி அணிகளின் ஆட்டக் காணொளிகளை வெட்டி, எண்ணி, கோச்மாருக்குக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை பின்னேரம் மடிக்கணினியைத் திறந்ததும் அநேகமாக முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "எத்தனை ஃபேஸ் பந்தை வச்சிருந்தம்?" பந்தோடு ஓடியவன் டாக்கிளில் (எதிரணி பிடித்துச் சாய்ப்பதில்) விழுந்து, ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு பக்கமும் தள்ளும் குவியல்) அமைந்து, பந்து மறுபடி வெளியே வந்தால் அடுத்த ஃபேஸ். எண்ணிக்கை கூடினால் நன்றாகத் தாக்கியிருக்கிறோம் என்று ஒரு நம்பிக்கை. எனக்கோ அந்த எண்ணைப் பார்த்தாலே இப்போது சந்தேகம் வருகிறது.

2023 உலகக் கிண்ணக் காலிறுதியில் அயர்லாந்தை நியூசிலாந்து 28-24 என்று வென்றது. கடைசியில் அயர்லாந்து பந்தை விடவே இல்லை. 37 ஃபேஸ். ஐந்து நிமிடத்துக்கு மேல் இடமும் வலமுமாக முட்டினார்கள். நியூசிலாந்தின் கறுப்புச் சட்டை வரிசை விழுந்தது, எழுந்தது, மறுபடி நின்றது. முடிவில் சாம் வைட்லாக் ரக்கில் குனிந்து பந்தில் கை வைத்தார், பெனால்டி கிடைத்தது, ஆட்டம் முடிந்தது. எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த 37தான்.

நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவது அதே ஆட்டத்தின் இன்னொரு துண்டு. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். நியூசிலாந்தின் லைன்அவுட், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே வீசித் தொடங்குவது. ரிச்சி மோஉங்கா ஓர் இடைவெளிக்குள் நுழைந்து நீளமாக ஓடி, பக்கத்தில் வந்த வில் ஜோர்டனுக்குக் கொடுக்க, ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது). ஒரே ஃபேஸ். தடுத்து நின்றது அதே அயர்லாந்துதான். அன்றைக்கு உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி.

இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு குறைவு, விதிக்குப் பங்கு அதிகம். லைன்அவுட்டில் சேராத வீரர்கள் 10 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். இரு பக்கமும் அப்படி நிற்பதால் நடுவே 20 மீட்டர் காலி. ஸ்க்ரம் (இரு அணி முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளுவது) என்றால் பின்கள வீரர்கள் 5 மீட்டர் தள்ளி நிற்பார்கள், முன்கள வீரர்கள் எட்டுப் பேரும் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பார்கள். ரக்கில் கதை வேறு. கடைசிக் காலின் கோட்டிலேயே தடுப்பவர்கள் வந்து நிற்கலாம், மூக்குக்கு மூக்கு. ஆகவே நல்ல தடுப்பு அணிக்கு எதிராக ஃபேஸ் கூடக்கூட நமக்கு இடம் சுருங்குகிறது. ரக்கிலிருந்து பந்து மூன்று விநாடிக்குள் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், ஏனென்றால் அவர்கள் இன்னும் வரிசை கட்டியிருக்க மாட்டார்கள். ஐந்து விநாடி எடுத்தால் சுவர் எழும்பிவிடும்.

சுவர் என்றேன். தென்னாப்பிரிக்காவின் தடுப்பு சுவரைவிட வலை மாதிரி. 2019இல் அவர்களின் தடுப்புப் பயிற்சியாளராக இருந்த ஜாக் நீனபர் வடிவமைத்தது. வெளிப்பக்கம் நிற்பவன் உள்ளே நிற்பவனை முந்திக்கொண்டு பாய்வான். விளிம்புக்குப் போகும் பாஸின் பாதை அடைபடும். பந்து வைத்திருப்பவன் வேறு வழியின்றி உள்ளே திரும்புவான், அங்கே பெரிய ஆட்கள் காத்திருப்பார்கள். 2019 உலகக் கிண்ண இறுதியாட்டம், யோகோஹாமா, தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும். முதல் பாதியில் இங்கிலாந்து கோல் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் 20க்கும் மேற்பட்ட ஃபேஸ் முட்டியது. கிடைத்தது ஒரு பெனால்டி, மூன்று புள்ளி. அந்தத் துண்டை இடைநிறுத்திப் பார்த்தால் ஒன்று புரியும்: பந்தை எடுப்பவன் ஒவ்வொரு முறையும் நின்ற நிலையில் எடுக்கிறான், அவனை நோக்கி மூன்று பேர் ஓடி வருகிறார்கள்.

இப்படிப்பட்ட வலைக்கு ஓட்டை எங்கே? பின்னால். 14 பேர் முன்னே பாய்ந்தால் புல் முழுக்க ஒரே ஒருவனிடம். அதே ஆட்டத்தின் 66ஆவது நிமிடத்தில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்குப் பின்னால் இருந்த இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. இடது ஓரத்தில் மகசோலே மபிம்பி தன் எதிரே வந்தவரின் தலைக்கு மேலால் பந்தைச் சின்னதாகத் தூக்கி உதைத்தார். லுகான்யோ ஆம் அதை எடுத்தார். தானே ஓடாமல் மபிம்பிக்கே திருப்பிக் கொடுத்தார். உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் தென்னாப்பிரிக்கா போட்ட முதல் ட்ரை அதுதான். இரண்டு கிண்ணங்களை ஏற்கனவே ட்ரை இல்லாமலே வென்றிருந்தார்கள் என்பது வேறு கதை. ஆட்டம் 32-12 என்று முடிந்தது.

உதைப்பது பயந்தவன் வேலை என்று நம் பார்வையாளர் திண்ணையில் ஒரு பேச்சு உண்டு. 2023இல் பிரான்ஸ் அணியின் தடுப்பைக் கட்டியவர் ஷான் எட்வர்ட்ஸ். அந்தத் துறையில் பெரிய கை. காலிறுதியில் தென்னாப்பிரிக்கா அதோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கவில்லை. பந்தை வானத்துக்கு அனுப்பி, அது இறங்கும் இடத்துக்கு ஆள் ஓடினார்கள். குர்ட்-லீ அரண்ட்சேயின் ட்ரை அப்படிக் கைநழுவிய ஒரு பந்தில் வந்தது. 29-28. ஒரு புள்ளி. நழுவிய பந்து விழும் கணத்தில் எந்தத் தடுப்பும் வரிசையில் இருக்காது, அதுதான் விஷயம். 2024 நவம்பரிலிருந்து, பிடிக்கப் போகிறவனுக்கு முன்னால் அவன் ஆட்கள் மறைப்புக் கட்டி நிற்பதை நடுவர்கள் தண்டிக்கிறார்கள். அதனால் உயரப் பந்து இன்னும் கூர்மையான ஆயுதமாகிவிட்டது. சிலருக்கு இது சலிப்பு. எனக்குப் பிடித்திருக்கிறது.

50:22 விதியும் இதே நோக்கில் வந்ததுதான். 2021இல் உலகளவில் சோதனைக்கு வந்தது. நம் பாதியிலிருந்து உதைத்த பந்து களத்தில் குத்தி எதிரணியின் 22க்குள் (அவர்களின் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டர் வரையான பகுதி) பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், லைன்அவுட் வீசுவது நாமே. இந்தப் பயத்தில் எதிரணி இன்னொருவனைப் பின்னால் நிறுத்தும். முன்வரிசையில் ஓர் ஆள் குறைவு. உதைக்காமலேயே உதைப்பின் பலன். அதே காலத்தில் வந்த இன்னொரு மாற்றத்தை நம் பிள்ளைகள் கவனிப்பதில்லை: கோட்டுக்கு உள்ளே போயும் பந்தைத் தரையில் வைக்க விடாமல் தூக்கிப் பிடித்துவிட்டால், முன்போல நமக்கு 5 மீட்டர் ஸ்க்ரம் கிடையாது, எதிரணி கோல் கோட்டிலிருந்து டிராப் கிக் (பந்தைக் கீழே போட்டு, துள்ளும்போது உதைப்பது) அடித்துத் தப்பிவிடும். அயர்லாந்தின் ரோனன் கெல்லஹரை அந்தக் காலிறுதியில் ஜோர்டி பாரெட் அப்படித்தான் தாங்கிப் பிடித்தார்.

சரி, ஓர் அனலிஸ்ட் இதை ஏன் பெற்றோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறான்? ஒரு 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். எந்த அணி என்பது வேண்டாம். கோட்டுக்கு முன்னால் 11 ஃபேஸ், எல்லாம் குனிந்து முட்டல். ஏழாவதில் ஒரு பையன் எதிரணியின் இடுப்பெலும்பில் தலையை அடித்துக்கொண்டான். எழுந்தான். "ஒண்டும் இல்லை சேர்" என்றானாம். நானும் மைதானத்தில் இருந்தேன், ஃபேஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். இரவு காணொளியில்தான் பார்த்தேன்: அடுத்த இரண்டு ரக்குகளில் அவன் எதிரணிப் பக்கம் போய் நிற்கிறான். யாரும் அவனை வெளியே எடுக்கவில்லை. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. அப்புறம் மருத்துவர் பார்த்து, படிப்படியாகத்தான் திரும்ப வர வேண்டும். ரக்பியில் தலைக்காயங்கள் பெரும்பாலும் டாக்கிளில்தான் நேர்கின்றன, அதிலும் டாக்கிள் செய்பவனுக்கே கூடுதலாக. அதாவது தேவையில்லாத ஒவ்வொரு முட்டலும் இரண்டு பிள்ளைகளின் தலையைப் பந்தயத்தில் வைக்கிறது. அதனால் என் அறிக்கையில் ஃபேஸ் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: மோதல்கள் எத்தனை, அவற்றால் முன்னேறிய மீட்டர் எத்தனை. சில கோச்மாருக்கு அந்த வரி பிடிக்கவில்லை.

பயிற்சியில் நான் செய்வது சின்ன விஷயம்தான். ரக்கிலிருந்து பந்து வெளிவருவதற்கு ஒரு கணம் முன்னால் படத்தை நிறுத்திவிட்டு, "பின்னால எத்தனை பேர்?" என்று கேட்பேன். முதல் வாரம் யாரும் திரையின் மேல்பகுதியைப் பார்க்கவே இல்லை. எல்லோர் கண்ணும் பந்தில். மூன்றாம் வாரம் எங்கள் ஃப்ளை ஹாஃப் (தாக்குதலை நடத்தும் 10ஆம் எண் வீரன்) நான் கேட்பதற்கு முன்பே, "ஒராள்தான் சேர், அவரும் வலப்பக்கம்" என்றான். சனிக்கிழமை ஆட்டத்தில் அதே நிலைமை வந்தது. பார்த்தான், இடப்பக்கம் உதைத்தான். பந்து நேராக, பின்னால் நின்ற ஃபுல்பேக்கின் கைக்குப் போனது. உதை கட்டை. திங்கட்கிழமை அந்தத் துண்டைத்தான் முதலில் போட்டேன்.