பிளவுபடாத பக்தியா, சிதறாத பற்றா?

சென்ற தவக்காலத்தில் சென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்தைப் பங்கு என்போம்) மூன்று நாள் தியானம். பிரசங்கம் செய்த சாமியாருக்கு நல்ல குரல். ஆனால் மூச்சுக்கு மூச்சு, "ஆண்டவருக்குப் பிளவுபடாத பக்தியைக் கொடுங்கள்" என்றார். மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த பாட்டி என் காதருகே குனிந்து, "நம்ம பங்குல ஏதும் சண்டையாப்பா?" என்று கேட்டார்.

பாட்டி கேட்டதில் தப்பில்லை. தமிழில் விறகைப் பிளப்போம். கட்சி பிளவுபடும், சபை பிளவுபடும், 1054-இல் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிளவுபட்டன. பக்தி எப்படிப் பிளவுபடும்?

இந்தத் தொடருக்கு மூலம் விவிலியத்தில் 1 கொரிந்தியர் 7:35. பவுலடியார் எழுதிய கிரேக்கச் சொல் அபெரிஸ்பாஸ்தோஸ். நாலாபக்கமும் இழுபடாமல் என்று பொருள். லூக்கா 10:40-இல் மார்த்தா பணிவிடையில் அல்லாடுகிறாளே, அங்கே வருவதும் இதே வேர்தான். இதை ஆங்கிலப் பதிப்புகள் சில 'பிரிக்கப்படாத' என்று எழுத, நம்மவர்கள் அதை அப்படியே தமிழில் இறக்கிவிட்டார்கள்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. முந்தைய வசனத்திலேயே மணமானவர் 'பிளவுபட்டிருக்கிறார்' என்கிறார் பவுல். சரி. ஆனால் அங்கே பிளவுபடுவது ஆள், பக்தி இல்லை. குருக்களின் மணத்துறவைப் பேசும் இடத்தில், கத்தோலிக்கப் போதனைகளைத் தொகுத்துத் தரும் மறைக்கல்வி ஏடும் (எண் 1579) பிளவுபடாத இதயம் என்றுதான் சொல்கிறது. 'பிளவுபடாத உள்ளம்' என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த அடைமொழியை உள்ளத்திலிருந்து கழற்றிப் பக்தியில் மாட்டியதுதான் கோளாறு. அதிலும் ஒரு வேடிக்கை: வடமொழியில் பக்தியின் வேரான 'பஜ்' என்பதற்கே பங்கிடுதல் என்று பொருள். பாகமும் அதே வேர்தான். ஆக, பிளவுபடாத பங்கீடு!

நமக்குச் சொல்லா இல்லை? வள்ளுவர் 350-ஆம் குறளில் 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். புரொட்டஸ்டன்ட் சகோதரர்களின் பழைய மொழிபெயர்ப்பு இதே வசனத்தில் 'கர்த்தரைப் பற்றிக்கொண்டிருக்க' என்கிறது. அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தேவலாம். அடைமொழிக்கு 'சிதறாத' போதும். சிதறாத பற்று. பேச்சில் இன்னும் எளிது: பராக்கில்லாத செபம். வீட்டில் பெரியவர்கள் "பராக்குப் பாக்காம செபம் சொல்லு" என்று தலையில் குட்டியது அதற்குத்தானே? பராக்கு தூய தமிழா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பக்தி மட்டும் என்னவாம்?

செபத்தில் வரும் பராக்கை விரட்டிக்கொண்டு ஓடினால் அதன் வலையிலேயே விழுவோம், இதயத்துக்குத் திரும்பினால் போதும் என்கிறது அதே மறைக்கல்வி ஏடு (எண் 2729). செபமாலையில் மூன்றாம் மணியிலேயே வீட்டு வாடகை நினைவுக்கு வருகிறவனுக்கு இது புரியும். 'பிளவு' என்று சொன்னால் ஏதோ துரோகம் செய்துவிட்டதாகப் பயந்துபோவான்.

இப்போதெல்லாம் 'ஆண்டவரோடு தரமான நேரம் செலவிடுங்கள்' என்றும் கேட்கிறேன். தரம் பார்க்க அரிசியா அது? ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பிரசங்கம் செய்கிறவர்கள், எழுதியதை வீட்டில் ஒருமுறை அம்மாவிடம் படித்துக் காட்டலாம்.

தியானம் முடிந்ததும் சாமியாரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுச் சிரித்தார். போன வாரம் அவருடைய அடுத்த தியானத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. தலைப்பு: 'பிளவுபடாத பக்தியில் தரமான மூன்று நாட்கள்'.