வில்லுக்குச் சுழலும், குழலுக்குச் சுழலாது

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மாடுலர் சிந்தசைசரில் புதிதாக ஒரு ஃபேசர் மாட்டியிருக்கிறேன். கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டை அதில் விட்டால் ஓசை அப்படியே சுழல்கிறது. தங்கச்சி வாசித்த புல்லாங்குழலை விட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. மாட்யூலில் கோளாறா?"

கோளாறெல்லாம் இல்லை. மாடுலர் சிந்தசைசர் என்பது தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலியை உண்டாக்கும், மாற்றும் கருவி. அதில் ஒரு மாட்யூலான ஃபேசரின் வேலையே ஒலியில் சில அதிர்வெண்களை அழிப்பதுதான். அழிக்கச் சரக்கு இருந்தால்தானே அழித்தது தெரியும்?

எதிரெதிர்க் கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) இரண்டு அலைகள் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும் என்பது பள்ளிப் பாடம். எனக்கு இன்னும் சலிக்காதது அதற்கு முந்தைய படி. ஃபேசருக்குள் ஆல்-பாஸ் ஃபில்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு), ஒரு கெபாசிட்டர், சில ரெசிஸ்டர்கள். எல்லா அதிர்வெண்ணும் உள்ளே போன அதே பலத்தோடு வெளியே வரும். கட்டம் மட்டும் மாறும்: அடியில் உள்ளவை ஏறக்குறைய அப்படியே வரும், உச்சியில் உள்ளவை 180 டிகிரி வரை பின்தங்கும், சுற்றின் மைய அதிர்வெண் சரியாக 90 டிகிரி பின்தங்கும். தனியாகக் கேட்டால் இப்படி ஒரு சுற்று நடுவில் இருப்பதே காதுக்குத் தெரியாது.

இப்படி நான்கை அடுத்தடுத்து வைத்து, எல்லாவற்றின் மையத்தையும் 1000 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 414 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 45 டிகிரி திருப்பும். நான்கும் சேர்ந்து 180. 2414 ஹெர்ட்ஸில் தலைக்கு 135, மொத்தம் 540. அதாவது ஒரு முழு வட்டமான 360-உம் மேலே இன்னொரு 180-உம். இந்த ஒலியை மூல ஒலியோடு சரிபாதி கலந்தால் அந்த இரண்டு இடங்களிலும் சத்தமே இராது. தனித்தனியே எதையும் குறைக்காத நான்கு சுற்றுகள், சேர்ந்து இரண்டு பள்ளம் வெட்டிவிட்டன! அதனால் மிக்ஸ் குமிழ் நடுவில் நிற்கட்டும். முழுக்கத் திருப்பினால் பள்ளம் போய், லேசான சுருதி ஆட்டம்தான் மிஞ்சும்.

மையத்தை நகர்த்தினால் பள்ளங்களும் கூடவே நகரும். 1960களின் இறுதியில் ஜப்பானில் வந்த யூனி-வைப் என்ற ஃபேசர் பெட்டியில் ஒரு சின்ன பல்பு மங்கி மங்கி எரிய, சுற்றியிருந்த ஒளியுணர் ரெசிஸ்டர்கள் அதைச் செய்தன. 1974-இல் வந்த எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் ஃபேஸ் 90 ஃபேசரில் அந்த வேலைக்கு எஃப்இடி வகை டிரான்சிஸ்டர்கள். மாடுலரில் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு கேபிள் இழுத்து, மையத்தை நகர்த்தும் வோல்டேஜைக் கொடுக்கலாம்.

இப்போது வில்லுக்கு வருவோம். வீசுகோல் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் கலகலவென்று மேற்சுரங்களை (அடிச்சுரத்துக்கு மேலே கூடவே ஒலிக்கும் அதிர்வெண்களை) அள்ளி இறைக்கும். பள்ளம் எங்கே நகர்ந்தாலும் எதையாவது விழுங்கும். குழலிலோ பலமெல்லாம் அடிச்சுரத்திலும் அதன் முதல் சில மடங்குகளிலும்தான். 600 ஹெர்ட்ஸ் வாசித்தால் அடுத்தது 1200. பள்ளம் பெரும்பாலும் வெற்றிடத்தில் உலாவும். அடிச்சுரத்தைக் கடக்கும்போது ஓசை கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் எல்லா அதிர்வெண்ணும் கலந்த குற்றாலம் பேரருவியின் இரைச்சலைப் பதிவு செய்து விட்டுப் பாருங்கள், பள்ளம் நகர்வது பிசிறில்லாமல் கேட்கும்.

(இந்த மணிகளின் நிறமாலையை எடுக்க ஒரு மைக்கும் லேப்டாப்பும் போதும். நாட்டார் கருவிகளின் ஒலியியலுக்குச் சிறு தொகை ஒதுக்க ஆயிரம் யோசிக்கிறோம். 432 ஹெர்ட்ஸ் நோய் தீர்க்கும் என்று வாட்ஸப்பில் வந்தால் மட்டும் யோசிக்காமல் நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.)

வில்லுக்கு, சீராக ஏறியிறங்கும் வோல்டேஜ் தரும் எல்எஃப்ஓவைவிட, ஒலியின் பலத்தையே வோல்டேஜாக மாற்றும் என்வலப் ஃபாலோவர்தான் என் தேர்வு. அடி விழுந்ததும் வோல்டேஜ் ஏறிப் பள்ளங்கள் மேலே தாவும். மணியோசை அடங்க அடங்கக் கீழே வழியும். பதிவை முதலில் மாடுலர் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். உச்சி அதிர்வெண்களைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போடுவதென்றால் ஃபேசருக்குப் பின்னால். வெளிவரும் ஒலியை மறுபடி உள்ளே விடும் ஃபீட்பேக் குமிழைப் பார்த்துத் திருப்புங்கள், எல்லை மீறினால் சுற்று தானாகவே ஊளையிடும்.

குழலும் சுழன்றே ஆகவேண்டும் என்றால், ஃபேசருக்கு முன்னால் அலையை மடித்து வடிவத்தை மாற்றும் ஒரு வேவ்ஃபோல்டர் போட்டு மேற்சுரங்களை உண்டாக்கிக்கொள்ளலாம். "இது என் குழலே இல்லை" என்று தங்கச்சி சண்டைக்கு வந்தால், நான் அவர் பக்கம்.