‘கலாச்சாரச் சேகரிப்பு’ அன்று, வளர்ப்புக் காப்பகம்

நுண்ணுயிரியல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், நுண்ணுயிர்களை வளர்த்துக் காத்து ஆய்வாளருக்குத் தரும் நிறுவனமான ‘கல்ச்சர் கலெக்‌ஷன்’ வரும் இடமெல்லாம் ‘கலாச்சாரச் சேகரிப்பு’ என்று எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. பாக்டீரியாவுக்கு ஏது கலாச்சாரம் என்று எழுதியவரும் யோசிப்பதில்லை, திருத்தியவரும் கேட்பதில்லை. இரத்தத்தில் கிருமி உள்ளதா என வளர்த்துப் பார்க்கும் ‘பிளட் கல்ச்சரை’ ‘இரத்தக் கலாச்சாரப் பரிசோதனை’ என்பதும் இதே பட்டறையில் அடித்த சொல்தான்.

இலத்தீனில் ‘கொலெரே’ என்றால் உழுதல், பேணுதல். அதிலிருந்து பிறந்த ‘குல்தூரா’ முதலில் பயிர்த்தொழிலையே குறித்தது. பண்பாடு என்பது பின்னர் ஏறிய பொருள். ஊட்டப்பொருளில் இட்டு வளர்த்தெடுத்த நுண்ணுயிரை ‘வளர்ப்பு’ என்பதே நேர்ச்சொல்.

இந்தப் பிழையைத் தவிர்த்தவர்களும் ‘நுண்ணுயிர் வங்கி’ என்ற சொல்லில் போய் விழுகிறார்கள். இரத்த வங்கியும் விதை வங்கியும் இருக்கும்போது இது மட்டும் ஏன் ஆகாது என்பது அவர்கள் வாதம். வங்கியில் போட்டவருக்கே எடுக்கும் உரிமை. எடுத்தால் இருப்பும் குறையும். இங்கே ஒருவர் ஒப்படைத்ததை, முன்பின் அறியாத இன்னொருவர் கேட்டுப் பெறுகிறார். ஒரு குப்பியிலிருந்து மீண்டும் வளர்த்து எத்தனை பேருக்கும் தரலாம். 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றிலிருந்து நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கின் குழு பிரித்தெடுத்த ‘தெர்மஸ் அக்வாட்டிகஸ்’ என்ற பாக்டீரியா, அந்நாட்டின் ஏடிசிசி காப்பகத்தில் வைக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையை உருவாக்கிய நிறுவனத்தார் அங்கிருந்தே அதைப் பெற்று, அந்த முறைக்கு வெப்பம் தாங்கும் நொதியைப் பிரித்தெடுத்தனர். மூலத்தைக் காத்து, சரிபார்த்த படியைக் கேட்டவருக்குத் தரும் இந்த வேலை ஆவணக் காப்பகத்தின் வேலையை ஒத்தது. ஆகவே ‘நுண்ணுயிர் வளர்ப்புக் காப்பகம்’ என்பதே தெளிவான பெயர். நுண்ணுயிர் சார்ந்த காப்புரிமைக்காக ஒப்படைப்பதை ‘வைப்பு’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1977ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கை பேசுவது அதைத்தான். ஒரு பொருத்தமான இடத்தைக் காட்டி நிறுவனம் முழுவதையும் வங்கியாக்குவதுதான் கூடாது.

காப்பகம் என்பதற்கு முன்னால் வரும் ‘பொது’ (பப்ளிக்) என்ற அடைமொழியை ‘அரசு’ என்று மாற்றுவதும் தவறு. ஏடிசிசி அரசுத் துறையன்று, இலாப நோக்கற்ற தனி அமைப்பு. தகுதியும் உரிய அனுமதியும் உள்ள எந்த ஆய்வாளரும் கேட்டுப் பெறலாம் என்பதே இங்கே ‘பொது’வின் பொருள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது, ஓர் இனத்துக்குள் ஒரே மூலத்திலிருந்து பெருகிய வழியைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெயின்’ என்பதைத் ‘திரிபு’ என்று எழுதுவது. கொரோனாக் காலச் செய்திகளில் உருமாறிய வைரசுக்குப் பழகிய சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டார்கள். திரிபு நேராமல் காப்பதற்காக அல்லவா இந்தக் காப்பகங்கள் பாடுபடுகின்றன? வளர்ப்பை மீண்டும் மீண்டும் புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் மரபணு மாற்றங்கள் சேரும் என்பதால்தான், உறைய வைத்து ஈரம் நீக்கிக் கண்ணாடிக் குப்பியில் அடைக்கிறார்கள், அல்லது மைனஸ் 196 பாகை செல்சியஸிலுள்ள திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். 1920இல் தொடங்கிய பிரிட்டனின் என்சிடிசி காப்பகத்தில் முதல் எண்ணைத் தாங்குவது, 1915இல் சீதபேதியால் இறந்த ஒரு படைவீரரிடமிருந்து எடுத்த ஷிகெல்லா என்ற பாக்டீரியா. அதன் மரபணுத்தொகுதியைப் படித்து 2014இல் வெளியிட்டபோது, 1928இல்தான் கண்டறியப்பட்ட பெனிசிலினை அது முன்பே எதிர்க்கும் திறனுடன் இருந்தது தெரிந்தது. திரியாமல் காத்ததால் கிடைத்த இந்தச் சான்றைத் ‘திரிபு’ என்று அழைப்பது என்ன நியாயம்?

‘குலவகை’ என்று எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. புதிய பாக்டீரியா இனத்துக்கு இட்ட பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அந்த இனத்துக்கு அளவுகோலாக நிற்கும் மாதிரிக் குலவகையைக் குறைந்தது இரண்டு நாடுகளிலுள்ள இரண்டு காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது பெயரிடல் விதி. அதை ‘மாதிரித் திரிபு’ என்று மொழிபெயர்த்த ஒரு பாடநூலில், மாதிரி எது, அதிலிருந்து திரிந்தது எது என்று மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?