கதவடைத்த தீவில் உருவான பசு

யாழ்ப்பாணத்து வளவுகளில் 'ஜேர்சி' என்று சொல்லி வளர்க்கப்படும் பசுக்களில் பெரும்பாலானவை கலப்பு மாடுகளே. சற்றுக் குழிந்த நெற்றியும், புடைத்த பெரிய கண்களும், கரிய மூக்கைச் சுற்றி மாப்பூசியது போன்ற வெள்ளை வளையமும் ஜேர்சி வழியில் வந்தவை. கழுத்து முடியும் இடத்தில் கையை வைத்துத் தடவினால் தட்டுப்படும் சிறிய மேடு நமது நாட்டு மாட்டின் திமிலில் எஞ்சியது.

ஜேர்சி என்பது ஆங்கிலக் கால்வாயில், பிரான்சின் நோர்மண்டிக் கரையிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஒரு தீவு. அதன் பரப்பு 120 சதுர கிலோமீற்றரளவே. நமது நெடுந்தீவைப் போல இரண்டரை மடங்குக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய நிலத்திலிருந்து உலகெங்கும் பரவிய ஒரு மாட்டினம் தோன்றியதற்குக் காரணம், வளர்ப்பாளரின் திறமைக்கு முன்னதாக, ஒரு சுங்க வரிதான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிய மாடுகளுக்கு இங்கிலாந்து வரி விதித்தது. ஜேர்சி மாடுகளுக்கோ வரி இல்லை. ஆகவே வணிகர்கள் பிரான்சிய மாடுகளை முதலில் ஜேர்சியில் இறக்கி, பின்னர் அவற்றைத் தீவின் மாடுகள் என்று இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள். விலை சரிந்தது, நல்ல பெயரும் கெட்டது. அதைத் தடுக்கவே வெளிமாடுகளைத் தீவுக்குள் கொண்டுவருவதை 1789இல் சட்டம் தடைசெய்தது. சந்தையைக் காக்கப் போட்ட பூட்டு இனத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

வெளியிலிருந்து புதிய மாடு வராத சிறிய மந்தையில் உறவுள்ள மாடுகளே மீண்டும் மீண்டும் இணைகின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே வகை மரபணுக்களே கன்றுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. தலைமுறைகள் செல்லச் செல்லக் கன்றுகள் நிறத்திலும் உடலமைப்பிலும் பாலின் தன்மையிலும் பெற்றோரை ஒத்தே பிறக்கின்றன. மனிதத் தெரிவும் இதனுடன் சேர்ந்துகொண்டது. 1833இல் தீவில் விவசாயச் சங்கம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, தீவின் விவசாயியான ஜோன் லெ கூட்டர் முன்னின்று, மாடுகளின் அங்கங்களுக்குப் புள்ளியிட்டு மதிப்பிடும் முறை வகுக்கப்பட்டது. 1866இல் வம்சப் பதிவேடு திறக்கப்பட்டது. அங்கும் காணிகள் சிறியவை என்பதால், நாம் முளையடித்துக் கட்டுவது போலவே பசுக்களைக் கயிற்றில் கட்டி, நாளில் பல தடவை இடம் மாற்றி மேய்த்தார்கள். வெளிநாட்டு விந்துக்குத் தீவு மீண்டும் இடமளித்தது 2008இல்தான்.

அந்தப் பூட்டின் பயனை இன்று நாம் பாலில் காண்கிறோம். ஜேர்சிப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 5 சதவீதம். அதன் மஞ்சள் நிறம் புல்லிலும் குழையிலும் உள்ள பீற்றா கரோட்டின் என்ற நிறப்பொருளால் வருவது. எருமை அதனை ஏறக்குறைய முழுவதும் விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் எருமைத் தயிர் வெள்ளையாக இருக்கிறது. பசுவில் மாறாத பகுதி கொழுப்போடு கலந்து பாலுக்கு வருகிறது, ஜேர்சியில் அது இன்னும் அதிகம். ஆறிய பாலின் மேல் படியும் ஆடையை விரலால் ஒதுக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பச்சைத்தீன் குறைந்து வைக்கோலும் தவிடுமே மிஞ்சும் கோடையில் அதே பசுவின் நெய் வெளிறிப்போவதும் இதனால்தான்.

ஆயினும் குளிர்ந்த கடற்காற்றில் உருவான உடலுக்கு நமது சித்திரை வெயில் சோதனைதான். ஐரோப்பிய இனங்களுள் ஜேர்சி சிறியது என்பதால் எடைக்கு ஒப்பிடத் தோற்பரப்பு கூடுதல், வெப்பத்தை ஓரளவு எளிதாக வெளியேற்றும். நாட்டு மாட்டின் வழி முற்றிலும் வேறு. ஐரோப்பிய மாடுகளின் மூதாதையர் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் பழக்கப்படுத்தப்பட்டார்கள். திமிலுள்ள மாடுகள் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பகுதியில் தனியாகப் பழக்கப்படுத்தப்பட்டவை. அவற்றின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, மயிர் குட்டையானது, உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைவு; உண்ணியையும் நன்கு தாங்கும். இந்த இரண்டு வழிகளும் முதன்முறை சேரும்போது, கலப்பால் கன்றுக்குக் கிடைக்கும் கூடுதல் வலுவான கலப்பு வீரியம் உச்சத்தில் இருக்கும்: பால் கூடும், வெயிலும் ஓரளவு தாங்கும்.

சிக்கல் அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. பாதி ஜேர்சியான நாகுக்கு மீண்டும் தூய ஜேர்சி விந்தையே செலுத்தினால் பிறக்கும் கன்று முக்கால் ஜேர்சி; கலப்பு வீரியத்தில் பாதி போய்விடும், வெப்பம் தாங்கும் ஆற்றலும் குறையும். கொட்டிலும் நிழலும் தண்ணீரும் போதாத வீட்டில் அந்தக் கன்றுக்கு இருப்பது பாலுக்கான மரபு மட்டுமே, பால் கொடுப்பதற்கான வசதியல்ல. ஆகையால் சினைப்படுத்துவதற்கு முன் கால்நடை வைத்தியரிடம் எந்த இனத்து விந்து என்று கேட்பதும், பசுவின் தாய் எப்படிப்பட்டது என்று சொல்வதும் மிக அவசியம். நடுப்பகலில், நிழலில் நிற்கும் பசுவின் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை 60ஐத் தாண்டிக்கொண்டே போனால் அந்தப் பசு ஏற்கெனவே வெயிலோடு போராடிக்கொண்டிருக்கிறது, அதன் அடுத்த கன்றில் ஜேர்சியின் பங்கை இன்னும் கூட்டக்கூடாது.