செவ்வாயின் கருங்கோடுகள்: பார்த்தவுடன் தண்ணீர் என்று சொல்லிவிடாதீர்கள்

அந்தப் படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு வந்துவிடும். செம்பழுப்புச் சரிவில் விரல்விரலாய் இறங்கும் கருங்கோடுகள், கீழே 'செவ்வாயில் தண்ணீர் ஓடுகிறது' என்று ஒரு வரி. கோள்களின் படங்களைப் படித்து விளக்குவது என் தொழில் என்பதால் 'இது நிஜமா சார்?' என்ற கேள்வியும் கூடவே வரும். படம் நிஜம்தான். அந்த வரிதான் நிற்கவில்லை.

முதலில் படம். 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரீகனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற நாசா விண்கலத்தில் ஹைரைஸ் என்ற கேமரா இருக்கிறது. ஒரு பிக்சலில் சுமார் 30 செ.மீ. தரை அடங்கும். அந்தக் கோடுகளில் பலவும் சுற்றுத் தரையைவிடக் கொஞ்சம்தான் கருப்பு. விவரம் தெரிய வேண்டும் என்று நாங்கள் கான்ட்ராஸ்டைக் கூட்டிவிடுவதால் மை கொட்டினாற்போல் ஆகிவிடுகிறது. சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் படத்தை அமைக்கும்போது உயரத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. நிறத்தை வைத்து ஈரம் என்று முடிவுகட்டக் கூடாது.

கோடுகளிலும் எல்லாம் ஒரே ரகமில்லை. செவ்வாயின் அரேபியா டெர்ரா நிலப்பரப்பு, ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையின் சுற்றுப்புறம் போன்ற தூசி அடர்ந்த இடங்களில் தெரிபவை பெரியவை. மேலே ஒரு புள்ளியில் தொடங்கி இறங்க இறங்க விரியும். சில ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மேல்தூசி சரிந்து, அடியில் இருக்கும் கருமை வெளிப்படுகிறது, அவ்வளவுதான். புதுத் தூசி படிந்து மங்கப் பல ஆண்டுகள் ஆகும். 2025இல் பிக்கல், வலண்டினாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி உதவியுடன் இப்படிப்பட்ட சுமார் 5 லட்சம் கோடுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தார்கள். தண்ணீருக்குச் சாதகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. காற்றும் தூசியும்தான் பொருந்தின.

குழப்பம் கிளப்பியது இன்னொரு ரகம். அகலம் சில மீட்டர்தான். வெயில் காலத்தில் நீளும், குளிரில் மங்கும், அடுத்த செவ்வாய் ஆண்டில் அதே சரிவில் மறுபடி வரும். 2011இல் மெக்யூவன் குழு இதை அறிவித்தபோது தண்ணீர் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடத்தை அப்படி. 2015இல் அந்த இடங்களில் பெர்குளோரேட் உப்பு தெரிவதாகவும் சொன்னார்கள். இந்த உப்புகளில் சில, நீர் உறையும் வெப்பநிலையை மைனஸ் 70 டிகிரி வரைகூட இறக்கிவிடும்.

ஆனால் இவற்றில் சில மலைமுகட்டிலேயே தொடங்குகின்றன; அங்கே நீர் எப்படி ஏறும்? காற்றழுத்தமும் மிகக் குறைவு, சராசரியாக 6 மில்லிபார்தான். சுத்தமான நீர் ஒன்று உறையும், இல்லாவிட்டால் ஆவியாகும். 2017இல் டண்டஸ் குழு 10 இடங்களில் 151 கோடுகளின் சாய்வை அளந்தது. செங்குத்தான பகுதியில் தொடங்கும் கோடுகள், உலர்ந்த மணல் உருளாமல் நின்றுவிடும் சாய்வு வந்ததும் நின்றுவிட்டன. நீராக இருந்தால் அதைவிட மென்மையான சரிவிலும் ஓடியிருக்க வேண்டாமா? என்னைத் திருப்பியது இந்த அளவுதான். அப்புறம் 2018இல், உப்பின் அடையாளம் என்று எண்ணிய சமிக்ஞை தரவைச் செயலாக்கும்போதே உருவாகக்கூடும் என்று வேறொரு குழு காட்டியது.

மணற்குன்றுகளில் இருக்கும் நீண்ட வாய்க்கால்கள் தனிக் கதை. ரஸல் பள்ளத்தில் இவை அழகாகத் தெரியும். கரை கட்டி நேராக இறங்கும்; ஆனால் அடியில் மணல் குவியல் இல்லை, ஒரு குழிதான். நீர் அரித்திருந்தால் அந்த மணல் எங்கே போனது? குளிர்காலத்தில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு, அதாவது உலர்பனி, வசந்தத்தில் கட்டியாக உடைந்து சறுக்குகிறது. அடியில் கிளம்பும் வாயு கட்டியைத் தூக்கிப் பிடிப்பதால் அது வழுக்கிக்கொண்டே போய், நின்ற இடத்தில் ஆவியாகி மறைகிறது. செரினா டினீகா குழுவினர் யூட்டா, கலிபோர்னியா மணற்குன்றுகளில் உலர்பனிக் கட்டிகளைச் சறுக்கவிட்டே பார்த்தார்கள். சறுக்கியது.

எனவே அடுத்த முறை யாராவது படம் அனுப்பினால் கோட்டின் நிறத்தை விட்டுவிட்டு அடிமுனையைப் பாருங்கள், எந்தப் பருவத்தில் எடுத்தது என்று கேளுங்கள், அதே இடத்தின் பழைய படத்தைத் தேடுங்கள். சரி, அந்தக் குறுகிய கோடுகள் உலர்மணல் என்றால் ஏன் பருவம் தவறாமல் வருகின்றன? விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 2018இல் கோள் முழுவதையும் மூடிய தூசிப்புயலுக்குப் பிறகு இந்தக் கோடுகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டன. அதனால் இப்போது பலரும் தேடுவது தூசி எங்கிருந்து வந்து படிகிறது என்பதைத்தான்.