மூக்குக் குழாயை நீங்களாகக் கழற்றாதீர்கள்

மூக்கில் ஆக்ஸிஜன் தரும் குழாயை வீட்டாரே கழற்றிவிட்டு என்னிடம் தூக்கிவந்த குழந்தைகளில், இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இது மூன்றாவது. 26 வாரத்தில் 840 கிராம் எடையோடு பிறந்து, மூன்று மாதம் வென்டிலேட்டரிலும் இங்குபேட்டரிலும் கிடந்து, நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்ஸிஜனோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் குழந்தை. ஐந்து வாரம் கழித்துக் கிழக்கு டெல்லியிலிருந்து பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்தபோது எடை 150 கிராம்தான் கூடியிருந்தது. தூங்கும்போது ஆக்ஸிஜன் அளவு 84 சதவீதம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் வலப்பக்கம் திணறுவது தெரிந்தது. குழாயை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். "வந்த நாலாம் நாளே எடுத்துவிட்டோம் டாக்டர், பழகிவிட்டால் அப்புறம் விடாது என்று ஊரிலிருந்து வந்த அத்தை சொன்னார்கள்" என்றார் தந்தை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வரும் இந்த நாள்பட்ட நுரையீரல் நோய்க்குப் பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயர்; பி.பி.டி. என்போம். பிறந்து 28 நாளான பின்னும் ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் இதைச் சந்தேகிக்கிறோம். கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆகும்போது எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு தீவிரத்தை மதிப்பிடுகிறோம்.

ஆக்ஸிஜன் பழக்கமாவதில்லை. போதைப்பொருளைப் போல உடல் அதற்கு அடிமையாவதும் இல்லை, நுரையீரல் சோம்பேறியாவதும் இல்லை. பி.பி.டி. குழந்தையின் நுரையீரலில் காற்றுப் பைகள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்கின்றன. புதிய பைகள் முளைப்பது பிறந்தபின்னும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்கிறது. அந்த வளர்ச்சிக்கு எடை கூட வேண்டும். ஆக்ஸிஜன் குறைந்தால் குழந்தை குடிக்கிற பாலெல்லாம் மூச்சுவிடுகிற உழைப்புக்கே செலவாகிறது, நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுகி இதயத்துக்குச் சுமை ஏறுகிறது. பழகிவிடுமோ என்று பயந்து குழாயை எடுப்பவர்கள், குழந்தை ஆக்ஸிஜனிலிருந்து விடுபடும் நாளைத் தாங்களே தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டுக்குள்ளோ சற்றுப் பின்னரோ அதை விட்டுவிடுகின்றன.

இந்தப் பயத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக்ஸிஜன் அதிகமானால் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு என்று ஐ.சி.யூ.வில் நாங்களே சொல்கிறோம். அது பிறந்த முதல் வாரங்களில், அதிக அடர்த்தியில் கொடுக்கப்படும் ஆக்ஸிஜனைப் பற்றிய பேச்சு. வீட்டில் கால் லிட்டர் அளவில் கொடுப்பது வேறு என்பதை டிஸ்சார்ஜ் அன்று தனியாக விளக்க மறந்துவிடுகிறோம். தவிர, 2021 ஏப்ரலில் சிலிண்டருக்காக இந்த நகரத்தில் அலைந்தவர்களுக்கு, ஆக்ஸிஜன் என்றாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிட்டது.

"உதடு நீலமாகவே இல்லையே" என்பது அடுத்த வாதம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீலம் பாரிக்கும்போது நிலைமை எப்போதோ கைமீறியிருக்கும். விழித்து விளையாடும்போது 95 காட்டுகிற குழந்தை, பால் குடிக்கையிலும் ஆழ்ந்து தூங்கையிலும் சரியக்கூடும். ஆகவே அந்த நேரங்களில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் பாருங்கள். பொதுவாக 92 அல்லது 93 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்போம். உங்கள் குழந்தைக்கான எண்ணை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். தலை துவட்டியபின் சாம்பிராணி காட்டுவதை இந்தக் குழந்தைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்; அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, ஆக்ஸிஜன் ஓடுகிற அறையில் தணல் சட்டி இருப்பதோ தீ விபத்துக்கு அழைப்பு. கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் எல்லாவற்றுக்கும் இதே தடைதான். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். நவம்பரில் வெளிக்காற்றே புகையாக இருக்கும் ஊரில் ஜன்னலை எப்போது திறப்பது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு ஆர்.கே. புரம் மலை மந்திர் கூட்டத்தில் மொட்டை போட வேண்டாம். முருகன் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பார்.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கில் போடுங்கள், பிரசவத்துக்குக் குறித்த தேதிக் கணக்கில் அல்ல. ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைக்கு இன்ஃப்ளுயன்சா ஊசி. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் அதே ஊசி. மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கு எதிரான மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு வெறும் சளியாகப் போகிற அந்தக் கிருமி இவர்களை மறுபடி வென்டிலேட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்தக் குழந்தைக்கு இப்போது அரை லிட்டர் ஓடுகிறது, எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது என்பதால், கரண்ட் போனால் மாற்றுவதற்கு ஒரு சிறிய சிலிண்டரும் வாங்கி வைக்கச் சொன்னேன். அத்தையே வாரம் ஒருமுறை சிலிண்டரின் மீட்டரைப் பார்த்து எழுதிவைக்கிறாராம்.