புது வண்டிதானே அண்ணாச்சி!

போன வாரம் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளைச் சிறு லாரியில் ஏற்றி வந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். எடுத்துப் பன்னிரண்டு நாள். ஓடியது 340 கிலோமீட்டர். பூஜைக்குப் போட்ட மாலையின் நார்கூட ஹேண்டிலில் அப்படியே இருந்தது. இந்த வருடம் இப்படி வந்த நான்காவது புது வண்டி இது. நான்குமே நெடுந்தூர ராலிக்கென்று கிளம்பியவை.

செயின் தொங்கிக் கிடந்தது, அது பெரிய காரியம் இல்லை. சீட்டைக் கழற்றினால் கருகிய வாடை. இரண்டு கூடுதல் விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் ஹெட்லைட் ஒயரிலிருந்தே கரண்ட் எடுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் போயிருக்கிறது. சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிச் சொருகி மறுபடியும் ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரே உருகிவிட்டது.

“கிளம்பும் முன் யாரிடமாவது காட்டினாயா?” என்றேன். “புது வண்டிதானே அண்ணாச்சி, இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்றான் அந்தத் தம்பி.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை நான் நம்புவேன். அதில் தளர வேண்டியது தளர்ந்து, முறுக்க வேண்டியதை முறுக்கியாகிவிட்டது. புது வண்டியில் எதுவுமே இன்னும் உட்காரவில்லை. புதுச் செயின் நீளும். புது ஸ்போக்ஸ் தளரும். பிரேக் கட்டை டிஸ்கோடு பழகியிருக்காது. புது டயர் வழுவழுவென்று இருக்கும். 150 கிலோமீட்டராவது ஓடி அந்த மேல்தோல் தேயும்வரை வளைவில் சாய்க்கக் கூடாது. முதல் ஆயிலை நான் வெள்ளை வாளியில்தான் வடிப்பேன். வண்டிக்காரரை வெயிலுக்கு அழைத்து வந்து வாளியைச் சாய்த்துக் காட்டுவேன். பட்டுச்சேலை ஜரிகை உதிர்ந்ததுபோல் மினுமினுக்கும். அத்தனையும் இன்ஜினுக்குள் தேய்ந்த உலோகப் பொடி. அதை உள்ளே வைத்துக்கொண்டா தம்பி வட இந்தியா போகப் போகிறாய்? முதல் சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“நான்குவழிச் சாலையில் நிதானமாக ஒரே வேகத்தில் ஓட்டிப் பழக்கிவிட்டேன்” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் தப்பு. புது இன்ஜினுக்கு ஏற்ற இறக்கம் வேண்டும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம் போய் வாருங்கள். ஊருக்கு ஊர் கியர் மாற்றியே ஆக வேண்டும். வண்டி தானாகப் பழகிவிடும். போன இடத்தில் ஆற்றில் ஒரு குளியலும் போடலாம்.

24 மணி நேரத்தில் 1000 மைல் என்ற ‘சேடில்சோர்’ ஓட்டத்தின் மேல்தான் இப்போது பையன்களுக்கு மோகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1609 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி 80தான். கடிகாரம் போல 80லேயே போனாலும் இருபது மணி நேரம் சீட்டில் இருக்க வேண்டும். பெட்ரோல், சாப்பாடு, ஒன்றுக்குப் போவது எல்லாம் மிச்சமுள்ள நாலு மணி நேரத்துக்குள். ஊர்களுக்குள் நுழைந்தால் அதுவும் கரைந்துவிடும். அரை மணி நேரம் செயினோடு மல்லுக்கட்டினால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்டத் தோன்றும். அந்த இடம்தான் எனக்குப் பயம். எடுத்த புதிதில் இதற்குப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கூடுதல் விளக்கு வேண்டுமா? பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ், ரிலே (ஸ்விட்சுக்குப் பாரம் தராமல் விளக்குக்குக் கரண்ட் விடும் சின்னப் பெட்டி). வண்டி எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று கேட்ட பிறகு விளக்கு வாங்குங்கள். அவசரத்துக்கு இன்னொரு கிளட்ச் கேபிளை, வண்டியில் இருப்பதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வையுங்கள். டியூப் டயர் என்றால் டியூபும் டயர் கழற்றும் லிவரும் எடுத்துக்கொண்டு, வீட்டு வாசலில் ஒரு தடவை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். காற்றை டயர் சூடாகும் முன் பாருங்கள். நான் நட்டை முறுக்கியதும் அதன் மேலும் அதை ஒட்டிய பாகத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவேன். என் மகளின் நகப்பூச்சுதான், சிவப்பு. டீக்கடையில் நிற்கும்போது குனிந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது.

பெட்டி, பை எல்லாம் கட்டி முழுப் பாரத்தோடு நாங்குநேரி, பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிவரை ஒருமுறை போய் வாருங்கள். ஆனி, ஆடியில் போனால் இன்னும் நல்லது. காற்றாலைகளைச் சுற்றவிடும் அந்தக் காற்று, உயரமாகக் கட்டிய பெட்டியை எப்படிப் பிடித்துத் தள்ளுகிறது என்று அங்கே தெரியும். திரும்பி வந்ததும் பாதிச் சாமானை நீங்களே இறக்கிவிடுவீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, “சனிக்கிழமை விடியக்காலம் கிளம்ப வேண்டும் அண்ணாச்சி” என்று நிற்காதீர்கள். பதினைந்து நாள் முன்னதாக வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.